கேப் காட் மணலில் கிரான்பெரி

அக்டோபரில் மாசசூசெட்ஸ் போகிறவர்கள் பாஸ்டனோடு திரும்பிவிடாதீர்கள். தெற்கே கார்வர், வேர்ஹாம் பக்கம் காரில் போனால் சாலையோரமே கிரான்பெரிப் பழங்கள் மிதக்கும் சிவப்புக் குளங்கள்தான்.

இந்தக் குளங்களைப் படத்தில் பார்த்துவிட்டு கிரான்பெரி நீர்ச்செடி என்று நினைப்பவர்கள் நிறைய. உண்மையில் இது தரையோடு படரும் கொடி. சதுப்பு மண்ணும் மணலுமான தாழ்வான வயலில் வளர்கிறது. அறுவடைக்குத்தான் தண்ணீர் கட்டுகிறார்கள். ஒரு வண்டி கொடிகளை அலசிக்கொண்டே போக, உதிர்ந்த பழமெல்லாம் மேலே வந்துவிடுகிறது. நான் பார்த்த வயலில் ஒருவர் பழத்தைக் குறுக்கே வெட்டிக் காட்டினார். உள்ளே நான்கு வெற்று அறைகள், பொடி விதைகள். அந்தக் காற்றுதான் பழத்தை மிதக்க வைக்கிறது. கடித்தால் முதலில் சுள்ளென்று புளிப்பு, அப்புறம் நாக்கை இழுக்கும் துவர்ப்பு.

இந்த மண்ணின் பூர்வகுடிகளான வாம்பனோவாக் மக்கள் இதைக் காலங்காலமாகப் பறித்து உண்டவர்கள். மார்த்தாஸ் வின்யார்ட் தீவின் அக்வின்னாவில் இன்றும் அக்டோபரில் கிரான்பெரி நாள் கொண்டாடுகிறார்கள். பயிராக்கிய பெருமை கேப் காட் தீபகற்பத்திலுள்ள டென்னிஸ் ஊரின் ஹென்றி ஹாலுக்கு. கடற்காற்று மணலை வாரிப் போட்ட இடத்தில் காட்டுக்கொடி செழிப்பதைக் கவனித்து, 1816 வாக்கில் தானே மணல் போட்டு வளர்த்தார். இப்போதும் குளிர்காலத்தில் உறைந்த வயலின் பனிக்கட்டி மேல் மணலைப் பரப்புகிறார்கள். பனி உருகும்போது மணல் தானாகக் கொடிகளுக்கிடையே இறங்குகிறது. எவ்வளவு அழகான வேலை! வைட்டமின் சி இருப்பதால், அது குறைந்தால் வரும் ஸ்கர்வி நோய் வராமலிருக்கக் கப்பல்காரர்களும் பீப்பாய்களில் இதை ஏற்றிப் போனார்கள்.

சரி, மருத்துவ குணம்? அந்தத் துவர்ப்பைத் தரும் புரோஆந்தோசயனிடின்கள் என்ற சேர்மங்கள், சிறுநீர்த் தொற்றை உண்டாக்கும் ஈ.கோலை கிருமி சிறுநீர்ப்பையின் சுவரில் ஒட்டாமல் தடுக்க உதவுகின்றன. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 50 ஆய்வுகளை வைத்து 2023-இல் தந்த அறிக்கையின்படி, அடிக்கடி சிறுநீர்த் தொற்று வரும் பெண்களுக்கு அந்த அபாயம் கால் பங்கு குறைகிறது, குழந்தைகளுக்குப் பாதிக்கு மேல். கர்ப்பிணிகளுக்கும் காப்பகங்களில் வாழும் முதியோருக்கும் அந்தப் பலன் தெரியவில்லை. இதெல்லாம் வருமுன் காக்கத்தான். தொற்று வந்துவிட்டால் ஜூஸை நம்பி உட்காராமல் டாக்டரிடம் போங்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மருந்து சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டே தொடவும். கடையில் விற்கும் உலர்பழத்தில் பெரும்பாலும் சர்க்கரை ஏராளம்.

தண்ணீரில் எடுத்த பழம் ஜூஸுக்கும் சாஸுக்கும் போகிறது. பழமாகவே விற்பது தண்ணீர் கட்டாமல் பறித்ததை. அங்கே போனால் அதை வாங்குங்கள். அமெரிக்கத் தமிழ் வீடுகளில் இதைத் தொக்காகக் கிளறுவதுண்டு. நல்லெண்ணெய், கடுகு, பெருங்காயம், மிளகாய்த்தூள் போதும், புளி வேண்டவே வேண்டாம்.