தள்ளுபடி டிக்கெட்டை வருடப் பாஸாக மாற்றிய கதை

தென்னாப்பிரிக்காவில், ஜோஹன்னஸ்பர்க்குக்கும் பிரிட்டோரியாவுக்கும் நடுவில் இருக்கும் மிட்ராண்டில் குடியேறி முதல் இரண்டு வருடம், பிள்ளைகளை ஒரு தடவைகூட தீம் பார்க்குக்குக் கூட்டிப் போகவில்லை. போக ஆசை இல்லாமல் இல்லை. கணக்குப் போட்டால் ஆசை அடங்கிவிடும். நுழைவாயில் பலகையில் பெரியவருக்கு 320 ரேண்ட், 1.3 மீட்டர் உயரத்துக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு 260 ரேண்ட் என்று போட்டிருந்தது. நாங்கள் இரண்டு பேர், பிள்ளைகள் இரண்டு பேர். உள்ளே காலடி வைக்கவே 1,160 ரேண்ட். அதற்கு மேல் பார்க்கிங், தண்ணீர், ஐஸ்கிரீம் என்று வரிசையாக வரும்.

அப்புறம் ஒரு நாள் கணவருடைய வங்கியின் வெகுமதித் திட்டத்தில் அதே பூங்காவின் டிக்கெட்டுக்கு 25 சதவீதம் தள்ளுபடி வந்தது. பெரியவருக்கு 240, பிள்ளைக்கு 195, ஆக மொத்தம் 870. சரி, ஒரு தடவை போய்வரலாம் என்று நான்கு டிக்கெட் வாங்கிவிட்டார்.

இதை, ஜோஹன்னஸ்பர்க் பக்கம் இந்திய வம்சாவளியினர் நிறைய வாழும் லெனேசியாவில் இருக்கும் ஒரு அக்காவிடம் சொன்னேன். கோயிலில் ஏற்பட்ட பழக்கம். அவருடைய கொள்ளுத்தாத்தா நேட்டால் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்தவர். அக்காவுக்குத் தமிழ் நன்றாகப் புரியும், பேச்சில் பாதிக்கு மேல் ஆங்கிலம் கலந்துவிடும். “அந்த டிக்கெட்டை ஒரே நாள்ல முடிச்சிடாதே மா. கவுண்டர்ல குடுத்து இயர் பாஸா மாத்து. டிஸ்கவுண்ட் உனக்கே நிக்கும்” என்றார். எனக்கு முதலில் புரியவில்லை. ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்த பிறகுதான் விளங்கியது.

வருடப் பாஸ் பெரியவருக்கு 800 ரேண்ட், பிள்ளைக்கு 650. நான்கு பேருக்கு 2,900. பாஸுக்கு எங்கேயும் தள்ளுபடி கிடையாது. தள்ளுபடி எல்லாம் ஒரு நாள் டிக்கெட்டுக்குத்தான். ஆனால் வாங்கிய டிக்கெட்டைக் கொடுத்து, மீதித் தொகையைக் கட்டிப் பாஸாக மாற்றிக்கொள்ளலாம். அப்படி மாற்றும்போது டிக்கெட்டை என்ன விலைக்கு வரவு வைக்கிறார்கள் என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. நாம் கொடுத்த 870-ஐ வரவு வைத்தால் மேற்கொண்டு 2,030 கட்ட வேண்டும், மொத்தச் செலவு அதே 2,900. பைசா லாபம் இல்லை. டிக்கெட்டில் அச்சடித்திருக்கும் 1,160-ஐ வரவு வைத்தால் 1,740 கட்டினால் போதும், மொத்தம் 2,610. 290 ரேண்ட் மிச்சம். நான்கு பேர் வயிறாரச் சாப்பிடும் காசு.

இதைக் கவுண்டரில் போய் நின்று கேட்டுக்கொள்ளலாம் என்றார் கணவர். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வரிசையில் பின்னால் முப்பது பேர் நிற்கும்போது யாரும் நமக்கு நிதானமாகக் கணக்குச் சொல்ல மாட்டார்கள். பூங்காவுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்று கேள்விகள் மட்டும்: வங்கி வழியாக வாங்கிய டிக்கெட்டை மாற்றலாமா, எந்த விலையை வரவு வைப்பீர்கள், உள்ளே போன பிறகும் மாற்றலாமா. நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது. மாற்றலாம், டிக்கெட்டில் உள்ள விலை வரவு வைக்கப்படும், அன்றைக்கே பூங்காவை விட்டு வெளியேறும் முன் மாற்ற வேண்டும், டிக்கெட்டைக் கொண்டுவர வேண்டும். அந்தப் பதிலை அச்செடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

டிக்கெட்டின் கீழே மூன்று மாதத்தில் காலாவதி என்று பொடி எழுத்தில் இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். இந்த ஊரில் 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 63ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. காசு கொடுத்து வாங்கிய வவுச்சர் மூன்று வருடம் வரை செல்லும் என்கிறது அது. சும்மா கொடுக்கும் விளம்பரக் கூப்பனுக்கு அது பொருந்தாது. எங்களுடையது காசு கொடுத்து வாங்கியதுதான். ஆனாலும் சட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வாயிலில் சண்டை போட எனக்குத் தெம்பில்லை. தேதிக்குள்ளேயே போய்விடுவது என்று முடிவு செய்தோம்.

எப்போது போவது என்பதையும் யோசிக்க வேண்டியிருந்தது. பாஸ் வாங்கிய நாளிலிருந்து பன்னிரண்டு மாதம் ஓடும். இங்கே ஜூன், ஜூலையில் காலை நேரம் புல்லில் உறைபனி கிடக்கும், தண்ணீர்ச் சறுக்குகளை மூடிவிடுவார்கள். குளிர்காலத்தில் பாஸ் வாங்கினால் முதல் சில மாதம் வீண். அதனால் செப்டம்பர், அக்டோபர் வாக்கில் வரும் வசந்தகாலப் பள்ளி விடுமுறைக்குக் காத்திருந்தோம்.

போகிற அன்று காலையில் வீட்டில் ஒரே ரகளை. பெரியவனுக்கு எட்டு வயது, உயரம் 128 செண்டிமீட்டர். 1.3 மீட்டர் இருந்தால்தான் பெரிய ரோலர் கோஸ்டரில் ஏற்றுவார்கள். அதே 1.3 மீட்டருக்கு மேல் போனால் பெரியவர் டிக்கெட். அவனுக்கு எப்படியாவது உயரமாகத் தெரிய வேண்டும், எனக்கு அவன் குட்டையாகவே இருக்க வேண்டும். தடித்த அடிப்பாகம் உள்ள ஷூவை மாட்டிக்கொண்டு வந்து நின்றான். கழற்றச் சொல்லி ரப்பர் செருப்பைக் கொடுத்தேன். கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. “இன்னிக்கு மட்டும் குட்டையா இருந்துக்கோ கண்ணா. பாஸ் கைக்கு வந்ததும் எவ்வளவு வேணும்னாலும் வளர்ந்துக்கோ” என்று சமாதானப்படுத்திக் காரில் ஏற்றினேன்.

வாயிலில் ஒட்டகச்சிவிங்கி படம் போட்ட அளவுப் பலகை. அவன் போய் நின்று குதிகாலை மெல்லத் தூக்கினான். அங்கே நின்ற பணியாளர் சிரித்துக்கொண்டே அவன் தோளில் இரண்டு விரலை வைத்து அழுத்தினார். குதிகால் தரையில் பட்டது. தலைமுடி கோட்டுக்கு இரண்டு விரற்கடை கீழே. பிள்ளை டிக்கெட்தான். அவன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தாலும் எனக்குள்ளே ஒரு நிம்மதி, பொய் சொல்ல மாட்டேன்.

மதுரையிலிருந்து மூன்று மாதம் வந்திருந்த அத்தையும் கூட வந்தார். அறுபது தாண்டியவர்களுக்குக் குறைந்த விலை என்று பலகையில் இருந்தது. பாஸ்போர்ட்டில் பிறந்த வருடத்தைப் பார்த்துவிட்டு உடனே கொடுத்துவிட்டார்கள். அவருக்குப் பாஸ் பேச்சே இல்லை.

முதலில் உள்ளே போய்ப் பார்ப்போம், பிள்ளைகளுக்குப் பிடித்தால் மாற்றுவோம் என்பது எங்கள் திட்டம். மதியம் இரண்டு மணிக்கே பிடித்துவிட்டது தெரிந்தது. சின்னவள் நீர்ச்சறுக்கிலிருந்து வர மறுத்து ஒரு தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். சரி, மாற்றிவிடலாம் என்று கணவரிடம் டிக்கெட்டைக் கேட்டேன். சட்டைப் பையைத் தடவினார், பேன்ட் பையைத் தடவினார், பிறகு குப்பைத்தொட்டியைப் பார்த்தார்.

மதியம் ஸ்லப் சிப்ஸ் வாங்கியிருந்தோம். வினிகரில் ஊறித் துவண்டு கிடக்கும் தடித்த உருளைக்கிழங்கு வறுவல், காகிதத்தில் சுற்றித் தருவார்கள். தின்று முடித்து அந்தக் காகிதத்தைச் சுருட்டியபோது கையிலிருந்த டிக்கெட்டுகளையும் சேர்த்துச் சுருட்டிப் போட்டிருக்கிறார். தொட்டிக்குள் தோள்வரை கையை விட்டுத் தேடினார். அத்தை சற்றுத் தள்ளி நின்று, யாரோ ஒருவரைப் பார்ப்பதுபோல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நான்காவது உருண்டையில் கிடைத்தது. எண்ணெயில் காகிதம் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது, வினிகர் வாடை. கைக்குட்டையால் ஒற்றி எடுத்துக் கவுண்டருக்குக் கொண்டுபோனேன்.

கவுண்டரில் இளம்பெண் ஒருவர். இங்கே அந்த வயதுப் பெண்ணை ‘சிசி’ என்று கூப்பிடுவது வழக்கம். டிக்கெட்டை விரல் நுனியால் வாங்கி ஸ்கேன் செய்தார். நான்கும் ‘பீப்’ என்றன. அந்தச் சத்தம் கேட்டபோது கோயில் மணி கேட்டமாதிரி இருந்தது. ஆனால் கணினியில் வந்த தொகை 2,030. அதாவது நாங்கள் கொடுத்த விலையைத்தான் வரவு வைத்திருந்தார். “சிசி, டிக்கெட்டில் போட்டிருக்கும் விலையைப் பாருங்கள்” என்றேன். தள்ளுபடி டிக்கெட்டுக்கு அப்படித்தான் என்றார். கோபப்படாமல் மின்னஞ்சல் அச்சை நீட்டினேன். இரண்டு முறை படித்தார், உள்ளே போனார், மேற்பார்வையாளரோடு வந்தார். அவர் ஒரு பொத்தானை அழுத்தி, வேறு ஒரு குறியீட்டைத் தட்டினார். 1,740. அவ்வளவுதான். அந்த ஒற்றைக் காகிதம் இல்லாவிட்டால் நான் பேசாமல் 2,030 கட்டிவிட்டு வந்திருப்பேன். என் குணம் எனக்குத் தெரியும்.

மாதா மாதம் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்ளும் டெபிட் ஆர்டரில் கட்டுகிறீர்களா என்று மேற்பார்வையாளர் கேட்டார். வேண்டாம் என்றேன். அதே நுகர்வோர் சட்டத்தின்படி இப்படிப்பட்ட ஒப்பந்தத்தை 20 வேலை நாள் முன்னறிவிப்புக் கொடுத்து முறித்துக்கொள்ளலாம் என்பது உண்மைதான். ஆனால் நியாயமான அபராதம் என்று ஒன்றைப் பிடித்துக்கொள்ளவும் அது இடம் கொடுக்கிறது. முன்பு ஒரு உடற்பயிற்சிக்கூட விஷயத்தில் பட்டது போதும். ஒரே தடவையில் கட்டிவிட்டேன்.

புகைப்படம் எடுத்தார்கள். பெரியவன் தலை ஈரம், சின்னவள் மூக்கில் தக்காளிச் சாஸ். ஒரு வருடம் அந்த முகத்தோடுதான் நுழைய வேண்டியிருந்தது. கிளம்பும் முன் மேற்பார்வையாளரிடம் ஒன்று கேட்டேன்: வருட நடுவில் பையன் 1.3 மீட்டரைத் தாண்டினால் வித்தியாசத் தொகை கட்ட வேண்டுமா? “வாங்கிய நாளின் உயரம்தான் விலைக்குக் கணக்கு அம்மா. ரைடில் ஏறும் உயரம் அன்றன்றைக்கு” என்றார். பையனுக்கு அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். காலையிலிருந்து தொங்கிக்கிடந்த முகம் நிமிர்ந்தது.

பாஸ் வைத்திருப்பதன் அருமை நவம்பரில்தான் தெரிந்தது. கோடையில் இந்த மேட்டுநிலத்து வானம் மதியத்துக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் மாறும். காலையில் பளீரென்று இருக்கும், மூன்று மணிக்குக் கருநீலமாகத் திரளும். முதல் இடி கேட்டதும் ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். அன்றைக்குப் பத்து மணிக்குப் போனோம், இரண்டரைக்கு எல்லாம் நின்றது. மழைக்குப் பணம் திருப்பித் தரப்படாது என்ற பலகைக்கு முன்னால் ஒரு குடும்பம் நின்று வாதாடிக்கொண்டிருந்தது. முழு விலை கொடுத்து வந்தவர்கள், எவ்வளவோ தூரத்திலிருந்து வந்தவர்கள். நாங்கள் காருக்கு ஓடினோம். கணவர் மட்டும் ஆலங்கட்டிக்குப் பயந்து டிக்கியிலிருந்த கம்பளியைக் காரின் முன் கண்ணாடிமேல் விரித்தார். உள்ளே உட்கார்ந்து புளியோதரையைத் தின்றுவிட்டு வீட்டுக்கு வந்தோம். அடுத்த வாரம் மறுபடி போனோம்.

செலவு இல்லாமல் இல்லை. ஒவ்வொரு தடவையும் பார்க்கிங் 50 ரேண்ட், அது பாஸில் சேராது. டிசம்பர் 16-லிருந்து ஜனவரி முதல் வாரம் வரை பாஸ் செல்லாது என்பதை நாங்கள் பொடி எழுத்தில் தாமதமாகத்தான் படித்தோம். பள்ளி விடுமுறையின் முக்கால்வாசி அதிலேயே போய்விட்டது. பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரியவைக்க நான் பட்ட பாடு தனி.

வருடம் முடிந்தபோது சமையலறை நாட்காட்டியில் போட்டு வைத்திருந்த புள்ளிகளை எண்ணினேன். பிள்ளைகள் எட்டுத் தடவை போயிருந்தார்கள். எங்கள் இரண்டு பேரில் ஒருவர் கூடப் போனால் போதும் என்பதால் நான் ஏழு, கணவர் நாலு. கணக்கைப் பலகை விலையோடு ஒப்பிடக் கூடாது. பலகை விலையில் நாங்கள் எப்படியும் போயிருக்க மாட்டோம். தள்ளுபடி விலையோடுதான் ஒப்பிட வேண்டும். அப்படிப் பார்த்தால் 2,610 என்பது 870 வீதம் சரியாக மூன்று தடவை. நாலாவது தடவையிலிருந்துதான் இலவசம். பிள்ளைகளுக்கு நல்ல லாபம், எனக்கும் லாபம். கணவருடைய பாஸுக்கு அவர் கட்டிய 720 ரேண்டுக்கு (டிக்கெட்டுக்கு 240, மாற்றும்போது 480) ஒரே ஒரு நாள்தான் மிஞ்சியது. அவருக்குப் பாஸ் எடுத்ததே தப்பு. ஒரு பெரியவருக்கு மட்டும் எடுத்திருந்தால் போதும். இதை அவரிடம் சொன்னபோது, குப்பைத்தொட்டியில் கை விட்டவனுக்கு அந்த மரியாதைகூட இல்லையா என்றார்.

ஏப்ரல் மாதம் ஒரு சனிக்கிழமை பெரியவன் அதே ஒட்டகச்சிவிங்கிக்கு முன்னால் செருப்போடு, குதிகாலைத் தூக்காமல் நின்றான். தலை கோட்டைத் தொட்டது. பிள்ளைப் பாஸை நீட்டிவிட்டுப் பெரிய ரோலர் கோஸ்டரில் ஏறினான். இறங்கி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. “நல்லா இருந்துச்சா?” என்று கேட்டேன். “இன்னொரு தடவை வேண்டாம்மா” என்றான். அரைமணி நேரம் கழித்து மறுபடி வரிசையில் நின்றான்.