என் குசினிக்கு எழுதப்படாத பட்டியல்கள்

வயிற்றில் முதல் பிள்ளை என்று தெரிந்தவுடன் எனக்கு இரண்டு பட்டியல்கள் வந்து சேர்ந்தன. ஒன்று ரொறன்ரோவில் இருக்கும் மச்சாள் வட்ஸ்அப்பில் அனுப்பியது: மென்மையான சீஸ், புகையூட்டிய மீன், பச்சைச் சிப்பி, பக்கெற்றில் வரும் குளிர் இறைச்சி எல்லாம் கூடாது. மற்றது மாமியும் அம்மம்மாவும் வாயாலேயே சொன்னது: பப்பாசி கூடாது, அன்னாசி கூடாது, எள்ளு சூடு, கத்தரிக்காய் கிரந்தி, அதாவது உடம்பில் சொறி கிளப்பும், இறாலும் நண்டும் கிரந்தி.

யாழ்ப்பாணத்து உரும்பிராயில் எங்கள் வீட்டுக் குசினியில் முதல் பட்டியலில் இருந்தது ஒன்றுமே இல்லை. இரண்டாவதில் இருந்தது எல்லாமே இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நான் பயந்து பயந்து சாப்பிட்டேன். ஏற்கெனவே காலையும் மாலையும் சத்தி. வயிற்றில் தங்கின கொஞ்சமும் பிள்ளைக்குக் கெடுதலோ என்று இரவில் படுத்துக்கிடந்து யோசிப்பேன்.

கிளினிக்கில் நிறை பார்த்த மிட்வைஃப் மிஸ் அட்டையில் கோட்டைக் கீறிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "நிறை கூடேல்லையே பிள்ளை. என்ன சாப்பிடுறீங்கள்?" நான் என்னென்ன சாப்பிடுவதில்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினேன். "அதை விடுங்கோ. இண்டைக்குக் காலமை என்ன சாப்பிட்டனீங்கள்?" என்று கேட்டார். இரண்டு கிறீம்கிறக்கரும் தேத்தண்ணியும். அவர் ஏசவில்லை. திரிபோஷா பக்கெற்றை எடுத்துத் தந்து, தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு உருண்டை பிடித்துச் சாப்பிடச் சொன்னார். சோளமும் சோயாவும் சேர்ந்த மா அது, ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடிக்கும், உடைத்தால் இறுக்கி மூடி வைக்க வேண்டும் என்றும் சொன்னார். இரும்புச்சத்துக் குளிசையைத் தேத்தண்ணியோடு விழுங்க வேண்டாம், தேயிலை அந்தச் சத்தை உடம்பில் சேரவிடாது என்றார். எனக்கு இந்த மாதிரிப் பேச்சுத்தான் தேவைப்பட்டது. என் வீட்டில் உண்மையிலேயே எது ஆபத்து என்று அன்று முதல் தேடத் தொடங்கினேன்.

முதலில் வந்து நின்றது தண்ணீர். இரண்டு பட்டியலிலும் அது இல்லை. எங்கள் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. மழைத் தண்ணீர் நிலத்துக்கடியில் சுண்ணாம்புக்கல்லில் ஊறி நிற்கிறது, அதைத்தான் கிணறு வெட்டி அள்ளுகிறோம். அந்தக் கல்லில் வெடிப்பும் துவாரமும் நிறைய. மேலே தோட்டத்துக்குப் போடுகிற யூரியாவும் மலசலகூடக் குழியில் இருந்து கசிவதும் சுலபமாகக் கீழே இறங்கிவிடும். தோட்டப் பகுதிக் கிணறுகள் பலவற்றில், இவற்றில் இருந்து உண்டாகும் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் சொல்லும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற அளவைத் தாண்டி இருப்பதை ஆய்வுகள் பல வருடங்களாகக் காட்டி வருகின்றன. எங்கள் கிணற்றுக்கு மதிலுக்கு அந்தப் பக்கமே வெங்காயத் தோட்டம்.

நான் அதுவரை கொதித்தாறிய தண்ணீர்தான் குடித்தேன், அது போதும் என்று நினைத்திருந்தேன். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்று போகாது, தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய அதன் செறிவு கூடத்தான் செய்யும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் இரத்தம் ஒட்சிசனைச் சரியாகக் கொண்டுபோக முடியாமல் உடம்பு நீலம் பாரிக்கும் என்பதை வாசித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. என் கணவர் போத்தலில் தண்ணீர் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுத்தார். அளவு கூட என்றுதான் வந்தது.

"இந்தக் கிணத்துத் தண்ணியிலதானே நான் நாலு பிள்ளையையும் வளர்த்தனான்" என்றார் மாமி. அது உண்மைதான். ஆனால் மாமி கல்யாணம் முடித்து வந்த காலத்தில் பக்கத்துத் தோட்டத்தில் மாட்டெரு போட்டுக் குழை தாட்டார்கள் என்று மாமியே பல தடவை சொல்லியிருக்கிறார். அதை எடுத்துச் சொன்னபோது யோசித்துக்கொண்டே போனார். இப்போது குடிக்கவும் சமைக்கவும் ஆர்ஓ முறையில், அதாவது மிக நுண்ணிய சவ்வினூடாகத் தள்ளி, வடிகட்டிய தண்ணீரைக் கானில் வாங்குகிறோம். நைத்திரேற்றை அந்த முறை பெருமளவுக்கு எடுத்துவிடும். கான் எப்படிக் கழுவப்படுகிறதோ என்ற யோசனையில் எனக்குக் குடிக்கிறதை மட்டும் கொதிக்கவும் வைக்கிறேன். மாமியின் தேத்தண்ணிக்கும் இப்போது கான் தண்ணீர்தான்.

அடுத்தது வல்லாரைச் சம்பல். எனக்கு அது இல்லாமல் மத்தியானச் சோறு இறங்காது. பச்சை இலை, மண்ணோடு ஒட்டி வளர்வது, எந்தத் தண்ணீரில் கழுவிக் கட்டினார்கள் என்று தெரியாது. யாழ்ப்பாணத்தில் நெருப்புக் காய்ச்சல் என்கிற தைபோயிட் புதிதல்ல. அதைவிட, பூனை மலம் கலந்த மண்ணில் இருந்து வருகிற தொக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி, முதல் தடவையாகக் கர்ப்ப காலத்தில் தொற்றினால், பிள்ளையின் கண்ணையும் மூளையையும் பாதிக்கலாம். எங்கள் வளவில் பூனைகளுக்குக் குறைவில்லை. உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சரி என்று பலரும் சொல்கிறார்கள். ஓடுகிற தண்ணீரில் மண் போகத் தேய்த்துக் கழுவுவது அதைவிட நல்லது, சமைப்பதுதான் நிச்சயம். அதனால் இந்த மாதங்களுக்குச் சம்பல் இல்லை, வல்லாரை வறை. அதே இலை, அதே தேங்காய்ப்பூ, அடுப்பில் நன்றாக வதங்கி வரும். தேசிக்காய்ப் புளியைக் கடைசியில் விட்டால் எனக்கு அது போதும்.

முட்டைக்கோப்பி விஷயத்தில் மாமிக்குக் கொஞ்சம் மனவருத்தம். பெலன் வரும் என்று முட்டையை நுரை வரும்வரை அடித்து, கோப்பியை மேலிருந்து ஊற்றி, ஆவி பறக்கக் கொண்டுவந்து வைத்தார். கோப்பி சூடுதான், ஆனால் முட்டையில் ஊற்றும்போது அந்தச் சூடு இறங்கிவிடுகிறது, சல்மொனெல்லா என்ற கிருமி சாகும் அளவுக்கு முட்டை வேகாது. அவருக்கு அதை விளக்கிச் சொல்லி, இரண்டு முட்டையை நன்றாக அவித்து மிளகு தூவித் தரும்படி கேட்டேன். தந்தார். இப்போது தினமும் அதைத்தான் தருகிறார்.

வேலை ரவுணில். பத்து மணிக்குக் கந்தோரில் எல்லோருக்கும் ரோல்ஸ், பற்றிஸ், மிதிவெடி என்று பலகாரங்கள் வரும். விடியப் பொரித்துக் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கியவை. சமைத்த உணவு வெளியில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இருக்கக்கூடாது, 32 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பம் என்றால் ஒரு மணித்தியாலம்தான் என்று அமெரிக்க அறிவுரை சொல்கிறது. எங்கள் பங்குனி வெயிலில் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் என்ன வெப்பம் இருக்கும்! என் கண் முன்னே எண்ணெய்ச்சட்டியில் இருந்து எடுத்தால் சாப்பிடுவேன், இல்லாவிட்டால் வாழைப்பழம்.

பிரிட்ஜை நான் முன்பு போல நம்புவதில்லை. மச்சாளின் பட்டியலில் இருந்த சீஸுக்கும் குளிர் இறைச்சிக்கும் காரணம் லிஸ்ரீரியா என்ற கிருமி, அது பிரிட்ஜ் குளிரிலும் பெருகும். கர்ப்பிணிகளுக்கு அது தொற்றும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பத்து மடங்கு. தாய்க்கு லேசான காய்ச்சலோடு போய்விடலாம், ஆனால் பிள்ளையையே இழக்க நேரிடலாம். சீஸ் வாங்காத வீட்டிலும் நேற்றைய கறி பிரிட்ஜில் இருக்கும்தானே. இதில் மாமியின் பழக்கம்தான் என்னைக் காப்பாற்றியது. பழைய கறியை அவர் ஒருபோதும் வெறுமனே சூடு காட்டமாட்டார், சட்டியில் விட்டுக் கொதித்து வற்றும்வரை சுண்ட வைப்பார். அந்தக் கிருமிக்கு அது போதும். சோற்றை மட்டும் அளவாகப் போடுகிறோம், ஏனென்றால் வெளியில் கிடந்த சோற்றில் உருவாகும் ஒரு வகை நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் அழியாது.

பப்பாசிக்கு அம்மம்மா சொன்னதில் பாதி சரி. 2002இல் பிரிட்டிஷ் ஜேர்னல் ஒஃப் நியூட்ரிஷன் என்ற சஞ்சிகையில் எலிகளில் செய்த ஆய்வு ஒன்று வந்தது. பப்பாசிக்காயின் பால் கருப்பையைச் சுருங்க வைத்தது, நன்றாகப் பழுத்த பழத்தின் சாறு அப்படிச் செய்யவில்லை. காயும் செங்காயும் வேண்டாம் என்று நானும் ஒத்துக்கொண்டேன். பழுத்ததையும் அம்மம்மாவின் மனதுக்காக விட்டுவிட்டேன், அதனால் ஒன்றும் குறையப்போவதில்லை.

மீனில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. இறாலும் நண்டும் கணவாயும் பாதரசம் குறைந்தவை, நன்றாக வெந்தால் கர்ப்பிணிகள் சாப்பிடலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் பட்டியலே சொல்கிறது. வாரத்துக்கு 225 முதல் 340 கிராம் வரை மீன் சாப்பிடவும் சொல்கிறது. பிள்ளையின் மூளைக்கு அது தேவை. சூடை, சாளை, நெத்தலி மாதிரிச் சின்ன மீன்கள் அதற்கு நல்லவை. மோட்டார் சைக்கிளில் வரும் மீன்கார அண்ணை இப்போது கோர்ன் அடித்துவிட்டு, நான் படி இறங்கி வரும்வரை நிற்கிறார். செவுளைத் தூக்கிக் காட்டுவார். சிவப்பாக, வழுவழுப்பாக இருக்க வேண்டும். கண் குழிந்திருந்தால் நான் கேட்கும் முன்பே "உங்களுக்கு இது வேண்டாம் தங்கச்சி" என்பார். பெட்டியில் ஐஸ் கரைந்திருந்தால் அன்று வாங்குவதில்லை. வெயிலில் கிடந்த சூரையில் ஊறிய ஹிஸ்ரமின் என்ற நஞ்சு எவ்வளவு காய்ச்சினாலும் போகாது.

இப்போது வீட்டில் மிச்சமிருக்கும் பேச்சு சுறாவைப் பற்றியது. பெரிய மீன் சின்ன மீனைத் தின்று தின்று பாதரசத்தைச் சேர்த்து வைப்பதால் கர்ப்ப காலத்தில் சுறா வேண்டாம் என்று பிரிட்டனும் அமெரிக்காவும் சொல்கின்றன. இந்த மாதங்களில் நான் தொடவில்லை. ஆனால் பிள்ளை பிறந்தவுடன் பால் சுரக்கப் பால்சுறா வறையும் சரக்குக் கறியும் வைப்பதற்கு மாமி இப்பவே மீன்கார அண்ணையிடம் சொல்லிவைத்துவிட்டார். அந்த ஆசையை மறுக்க எனக்கு மனமில்லை. பாலூட்டும் தாய்க்கு வாரத்தில் ஒரு தடவைக்கு மேல் வேண்டாம் என்று பிரிட்டிஷ் அறிவுரை இருப்பதை மாமிக்குக் காட்டினேன். "அப்ப கிழமைக்கு ஒருக்கா, சின்னனாப் பார்த்து வாங்குவம். மற்ற நாளுக்கு முருங்கையிலை வறுப்பம்" என்றார். அடுத்த கிளினிக்கில் மிஸ்ஸிடமும் ஒருக்கால் கேட்டுவிட வேண்டும்.