வீட்டுக் கம்ப்யூட்டரில் 3 கிலோமீட்டர் மழை

2015 டிசம்பர் 1 மழையில் தாம்பரத்தில் 49 செ.மீ. பதிவானது, நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. நடுவில் இருபது கிலோமீட்டர்தான். இந்த வித்தியாசம் ரொம்ப நாள் என் மண்டைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது. வானிலையைக் கணிக்கும் கம்ப்யூட்டர் மாடல்கள் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத்தான் கணக்கிடும். உலகம் முழுவதையும் கணிக்கும் அமெரிக்காவின் ஜி.எஃப்.எஸ். மாடல் இலவசமாகத் தரும் தரவில் ஒரு கட்டத்தின் பக்கமே சுமார் 28 கி.மீ. அந்த ஒரு கட்டத்துக்குள் எங்கே கொட்டும், எங்கே குறையும் என்று அதனிடம் கேட்டுப் பயனில்லை.

அதனால்தான் ஒரு சின்னப் பகுதியை மட்டும் நுணுக்கமாகக் கணிக்க உதவும் டபிள்யூ.ஆர்.எஃப். மாடலை வீட்டிலேயே ஓட்ட ஆரம்பித்தேன். அதுவும் இலவசம், லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டர் இருந்தால் போதும். ஜி.எஃப்.எஸ். தரவை ஆரம்ப நிலையாகவும், ஓரங்களில் உள்ளே வரும் காற்றாகவும் கொடுத்துவிட்டு, 9 கி.மீ. கட்டங்களுக்குள் சென்னையைச் சுற்றி 3 கி.மீ. கட்டங்களை அடுக்கியிருக்கிறேன். 100-க்கு 100 கட்டம், உயரத்தில் 45 அடுக்கு, ஆக 4.5 லட்சம் பெட்டி. ஒவ்வொன்றிலும் காற்று, வெப்பம், ஈரம் எல்லாவற்றையும் 18 வினாடிக்கு ஒருமுறை கணக்கிட வேண்டும், 48 மணி நேர முன்கணிப்புக்கு 9,600 தடவை. சரி, 1 கி.மீ.க்கே இறங்கிவிடலாமே என்றால், நீளத்தில், அகலத்தில், நேரத்தைப் பிரிப்பதில் என்று மூன்றிலும் மும்மடங்காகி அதே பரப்புக்கு வேலை 27 மடங்காகிவிடும், வீட்டில் நடக்காது.

எந்த ப்ராசசர் வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் முதலில் மெமரியைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். ஒரே 16 ஜி.பி. ஸ்டிக்கைக் கழற்றிவிட்டு இரண்டு 8 ஜி.பி. போட்டதுமே ஓடும் நேரம் நன்றாகக் குறைந்தது. மெமரியிலிருந்து எண்கள் வந்து சேரக் காத்திருப்பதிலேயே இந்த மாடலின் நேரம் நிறையப் போகிறது, இரண்டு ஸ்டிக் இருந்தால் அவை வர இரண்டு பாதை.

காலை 5:30 நிலவரத்தின் தரவு ஒன்பதரை வாக்கில் கிடைக்கும். இறக்கி, ஓட்டி, மாடல் எழுதும் பதிவுக் கோப்பின் கடைசியில் ‘சக்சஸ் கம்ப்ளீட்’ வந்து, படம் வரைந்து பார்ப்பதற்குள் மதியமாகிவிடும். முதல் ஆறு மணி நேர மழையை நான் கணக்கில் எடுப்பதே இல்லை, மாடலுக்குள் மேகம் உருவாகவே அவ்வளவு நேரம் பிடிக்கிறது.

போன வடகிழக்குப் பருவமழையில் ஒரு நாள், கடலிலிருந்து வரும் வாடைக்காற்றும் இரவில் குளிர்ந்து கரையிலிருந்து கடலுக்குப் போகும் தரைக்காற்றும் முட்டிக்கொள்ளும் கோடு, விடிகாலை நாலு மணிக்குக் கரையோரம் நிற்பதாக மாடல் காட்டியது, அந்தக் கோட்டின் மேலேயே மேகங்கள் வரிசைகட்டி எழும்பின. மூன்றே முக்காலுக்கு எழுந்து ரேடாரைத் திறந்தேன். அதே மாதிரி ஒரு மழைப் பட்டை! ஆனால் மாடல் காட்டியது பழவேற்காட்டில், வந்து நின்றது திருவொற்றியூருக்கு நேராக. இடம் 30 கி.மீ. தள்ளிப்போயிருந்தது, நேரம் சரியாக இருந்தது. மழை எதனால் வருகிறதோ அது என் மேசைக்கடியில் இருக்கும் பெட்டிக்குள் சரியாக நடந்திருக்கிறது என்று நினைத்தபோது அப்புறம் தூக்கமே வரவில்லை.

இப்போது முந்தைய நாள் மாலை 5:30 தரவிலும் ஒருமுறை ஓட்டி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். இரண்டிலும் பட்டை இருந்தால் கீழ் வீட்டு அக்காவிடம், “விடிகாலையில மழை வரும்போல இருக்கு, துணியை ராத்திரியே எடுத்துடுங்க அக்கா” என்று தைரியமாகச் சொல்லிவிடுவேன். “நம்ம தெருவுக்கு வருமா தம்பி?” என்று கேட்டால், அதை நாலு மணிக்கு ரேடாரைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.