கடைசிப் பச்சையில் சந்திக்குள் நுழைபவர்

கொழும்பில் வீதிச் சமிக்ஞைகளுக்கான கள ஆய்வு செய்யும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தபோது, சந்தியின் மூலையில் நின்று எந்த வாகனம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று படிவத்தில் கோடு போடுவதே என் முதல் வேலையாக இருந்தது. அந்தக் கோடுகள் பின்னர் காருக்குச் சமமான அலகுகளாக மாற்றப்படும். பஸ் ஒரு காரைவிட அதிகமாகக் கணக்கிடப்படும். துவிச்சக்கர வண்டியோ காரின் சிறு பின்னமாகிவிடும். வீதியில் அது பிடிக்கும் இடத்தை அளக்க இந்த முறை போதும். அதை மிதிப்பவருக்குள்ள ஆபத்தை அது அளப்பதில்லை.

பச்சை முடிந்ததும் செம்மஞ்சள் விளக்கு பெரும்பாலும் 3 செக்கன் எரியும்; அதன்பின் எல்லாத் திசைகளுக்கும் ஓரிரு செக்கன் சிவப்பு விடப்படும். ஏற்கெனவே நுழைந்தவர்கள் வெளியேறுவதற்கான அவகாசம் அது. மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் வரும் கார் 25 மீற்றர் அகலமான சந்தியை இரண்டரை செக்கனுக்குள் கடந்துவிடும். புறக்கோட்டையில் மூட்டை ஏற்றிக்கொண்டு மணிக்கு 12 கிலோமீற்றர் வேகத்தில் மிதித்து வருபவருக்கு அதே தூரத்துக்கு ஏழரை செக்கன் தேவை. பச்சையின் கடைசிக் கணத்தில், எந்த விதியையும் மீறாமல் அவர் நுழைந்தாலும், குறுக்கு வீதிக்குப் பச்சை விழும்போது சந்தியின் மூன்றில் இரண்டு பங்கைத்தான் தாண்டியிருப்பார். மிகுதிச் செக்கன்களைக் காட்டும் எண்பலகை உள்ள இடங்களில், பூச்சியம் வருமுன்பே மோட்டார் சைக்கிள்களும் ஓட்டோக்களும் நகரத் தொடங்குவதால், அந்த அவகாசம் மேலும் சுருங்குகிறது.

கொட்டாஞ்சேனையிலிருந்து நாள்தோறும் சைக்கிளில் கடைக்கு வரும் ஒரு பெரியவர் ஒருமுறை என்னிடம், "தம்பி, பச்சை விழுந்தாலும் நான் உடனே மிதிக்கமாட்டன், இடப்பக்கம் திரும்பிற பஸ் எல்லாம் போகட்டும் எண்டு நிப்பன்" என்றார். அவர் அஞ்சுவதில் நியாயம் உண்டு. நீண்ட வாகனம் திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட உள்ளே வெட்டி வரும். ஓரமாக நிற்பவர் சாரதியின் கண்ணாடியில் தெரியாமலும் போகலாம். ஆனால் இப்படிக் காத்திருந்து ஓர் ஆபத்தைத் தவிர்ப்பவர், பச்சையின் கடைசிச் செக்கன்களில் நுழைந்து மற்ற ஆபத்துக்குள் போய்விடுகிறார். எச்சரிக்கையாக நடப்பவருக்கே நேரம் போதாமற் போவது எனக்கு மிகுந்த கவலை தருகிறது.

டென்மார்க்கில் மோட்டார் வாகனங்களின் நிறுத்தக் கோட்டை 5 மீற்றர் பின்னுக்குத் தள்ளி, சைக்கிளோட்டியைச் சாரதியின் கண்முன் நிறுத்துகிறார்கள். நல்ல ஏற்பாடுதான். இங்கே அந்த இடைவெளியை ஓட்டோக்கள் முதல் நாளிலேயே நிரப்பிவிடும் என்பதால், வர்ணக் கோட்டைவிட நேர மாற்றத்தையே நான் நம்புகிறேன். பச்சை முறைமாறி விழும் நான்கு கட்டங்கள் கொண்ட 120 செக்கன் சுற்றில், ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் எல்லாத் திசைகளுக்குமான சிவப்பில் 2 செக்கன் கூட்டினால் மணிக்கு 4 நிமிடப் பச்சை குறையும். நீண்ட சிவப்பைச் சாரதிகள் தமக்குச் சாதகமாக்கிக்கொள்வார்கள் என்ற மறுப்பும் சரியானதே; ஆகவே எல்லாச் சந்திகளிலும் அல்லாமல், அகலமானவற்றில் மட்டும் இதைச் செய்யலாம்.

காலை நெரிசலில் பொலிஸ் உத்தியோகத்தர் கையால் வழிநடத்தும்போது, நடுவில் ஒரு சைக்கிள் சிக்கியிருந்தால் அது கடக்கும்வரை மறுபக்கத்தை மறித்து வைப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். விளக்கின் கணக்கிலும் அந்தப் பொறுமைக்கு இடம் வேண்டும் என்பதற்காக, வாகன எண்ணிக்கையுடன் கடைசிச் சைக்கிள் சந்தியைத் தாண்ட எடுக்கும் செக்கன்களையும் படிவத்தில் தனி நிரலாகப் பதியுமாறு இப்போது என்னுடன் களத்துக்கு வருவோரிடம் கேட்டு வருகிறேன்.