கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம்

அம்மா முக்கூடலில் நாற்பது வருடமாகப் பீடி சுற்றுகிறாள். போன வருடம் ஆடியில் சுளகை மடியில் வைத்து இலை வெட்டிக்கொண்டிருந்தவள், நிமிராமலே சொன்னாள்: "மார்ல கோலிக்குண்டு மாதிரி ஒண்ணு இருக்குட்டி. வலியெல்லாம் இல்லை." வலிக்காததால் மூன்று மாதம் சொல்லாமலே இருந்திருக்கிறாள். மார்பகப் புற்றுநோய்க் கட்டி பெரும்பாலும் வலிக்காது என்று எனக்கும் தெரியாது.

திருநெல்வேலி ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரியில் மேமோகிராம், அதாவது மார்பு எக்ஸ்ரே, பார்த்துவிட்டு, ஊசியால் சதை எடுத்துப் பார்க்கணும் என்றார்கள். பயாப்சி. வீடு கலங்கிப்போனது. "ஊசி பட்டா பரவிரும்லா" என்றாள் மைனி. மாமா ஒரு பை நிறைய முள் சீத்தா இலை கொண்டுவந்தார். சித்தி சீனியை நிறுத்தச் சொன்னாள். எல்லாம் பாசத்தில் சொன்னதுதான். நானும் நம்பிப் பத்து நாள் இலைக் கஷாயம் கொடுத்தேன். அந்தப் பத்து நாளை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது.

அப்புறம் பீடிக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒவ்வொன்றையும் எழுதி டாக்டரம்மாவிடம் நீட்டினேன். பொறுமையாக வாசித்தார். முள் சீத்தா ஆய்வகத் தட்டில் செல்களைக் கொன்றிருக்கிறது, மனிதருக்குக் குணமானதாக நிரூபணம் இல்லை. அதிகம் குடித்தால் நரம்பையும் பாதிக்கலாம் என்றார். புற்றுச் செல் சர்க்கரையை நிறைய இழுக்கும் என்பது நிஜம், உடம்பில் புற்று எங்கே இருக்கிறது என்று தேடுகிற பெட் (PET) ஸ்கேனை அதை வைத்துத்தான் எடுக்கிறார்கள். ஆனால் உடம்பின் எல்லாச் செல்லுக்கும் சர்க்கரை வேண்டும், சீனியை விட்டால் கட்டி பட்டினி கிடக்காது. அம்மா அதற்குள் நாலு கிலோ இளைத்திருந்தாள்.

ஊசியால் பரவுவது மிக மிக அரிது என்றார். எனக்கு மேலத்தெருப் பெரியம்மா ஞாபகம் வந்தது. ஆபரேஷனுக்கு அப்புறம் போய்ச் சேர்ந்ததால் கத்தியைத்தான் ஊர் குறை சொன்னது. அவள் ஆஸ்பத்திரிக்குப் போனபோதே முற்றியிருந்ததை யாரும் பேசவில்லை.

மறுநாளே பயாப்சி. மரத்துப்போக ஊசி போட்டு, ஸ்டாப்ளர் அடிக்கிற மாதிரி "டக்" என்று சத்தம். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். புற்றுநோய்தான், அதுவும் ஹார்மோனால் வளர்கிற வகை என்பதை அந்தத் துணுக்குச் சதைதான் சொன்னது. ஆபரேஷனும் கீமோவும் முடிந்து, இப்போது அதற்கான மாத்திரையைத் தினம் ஒன்றாகப் போடுகிறாள். ஐந்து வருடம் போடணும். ராத்திரி எட்டு மணிக்கு, கருப்பட்டிக் காப்பியோடு.