தோப்பும் கண்ணாடியும்: ஜூன் 2025

ஜூன் 3, செவ்வாய்

கண் ஆபரேஷனில் உள்ளே வாயு வைத்திருக்கிறார்கள், அதனால் அப்பா குப்புறத்தான். மேசை மேல் தலையணை, தலையணை மேல் நெற்றி. ஒரு மணி நேரத்தில் ஐம்பது நிமிஷம் முகம் தரையைப் பார்த்திருக்க வேண்டும். மிச்சம் பத்து நிமிஷத்தில் சாப்பாடு, நடை, எல்லாம். நான் கீழே பாய் போட்டு உட்கார்ந்து பேப்பர் வாசிக்கிறேன். மேட்டூர் நீர்மட்டத்தை மட்டும் மறுபடி வாசிக்கச் சொல்கிறார்.

சாயங்காலம் அத்தான் வந்தார். ஜப்பானில், நகோயாவில் ஞாயிற்றுக்கிழமையானால் காட்டுக்குள் போய் ஏர்சாஃப்ட் என்கிற பொம்மைத் துப்பாக்கிச் சண்டை ஆடுவாராம். ஆறு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டு. உள்ளே மோட்டார், பல்சக்கரம், ஸ்பிரிங், பிஸ்டன். குண்டைத் தள்ளுவது வெறும் காற்று. 1991-ல் டோக்கியோ மாருய் கம்பெனி தன் முதல் மின் துப்பாக்கியை விட்டது, அங்கிருந்து இது எங்கேயோ போய்விட்டது என்றார். தம்பி கண்கொட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தான். நான் ஒன்றுதான் கேட்டேன்: கண்ணுக்கு என்ன போடுவீர்கள்?

ஜூன் 5, வியாழன்

தம்பி, பெரியம்மா மகன், மெக்கானிக் பையன், அத்தான், நான். ஆட்டத்துக்கு ஆள் சேர்ந்துவிட்டது. சித்தப்பாவின் தோப்பு கண்டியூர் தாண்டிக் குடமுருட்டிக் கரையில் சும்மாதான் கிடக்கிறது.

அசல் ஏர்சாஃப்ட் இங்கே வேண்டாம் என்று முடிவு. பார்க்க நிஜ ஆயுதம்தான். வெளியிலிருந்து வரவழைத்தால் சுங்கத்தில் சிக்கும். 2016 ஆயுத விதிகள் போலித் துப்பாக்கியையும் விட்டுவைக்கவில்லை. அதனால் ஜெல் துப்பாக்கி: தண்ணீரில் ஊறிப் பருத்த ஏழு எட்டு மில்லிமீட்டர் உருண்டை, பட்டால் உடைந்து ஈரமாகும். முனையில் ஆரஞ்சு நிறம் இருக்கும். அதைக் கறுப்படிக்க யாரையும் விடமாட்டேன். ஆட்ட முறை மட்டும் ஏர்சாஃப்ட்டுடையது. ஓட்டம், மறைவு, ஜோடி எல்லாம் அதேதான் என்கிறார் அத்தான்.

பையன்கள் எந்தத் துப்பாக்கி, எத்தனை குண்டு என்று போனைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள். என் கட்சி வேறு. முதல் காசு கண்ணாடிக்கு. இரண்டாவது காசு வாய், பல்லை மூடும் முகக்கவசத்துக்கு. மூன்றாவது காசு கணுக்காலைப் பிடிக்கிற ஷூவுக்கு, ஏனென்றால் தோப்பு முழுக்கக் குரும்பையும் மட்டையும். மிச்சமிருந்தால் துப்பாக்கி.

வெயில் கண்ணாடி கூடாது. பைக் கண்ணாடி கூடாது. கண்ணாடிச் சட்டத்தில் இசட்87 பிளஸ் என்று பொறித்திருக்க வேண்டும், வேகமாக வந்து மோதுவதைத் தாங்கும் என்பதற்கு அதுதான் அடையாளம். ஐரோப்பிய மாலென்றால் இ.என். 166, அதோடு பி என்ற எழுத்து. பக்கவாட்டில் இடைவெளி இருக்கக் கூடாது. சிலர் கம்பிவலைக் கண்ணாடி போடுகிறார்கள், பனி படியாது என்று. உடைந்த குண்டின் துணுக்கும் ஜெல் சிதறலும் வலைக்குள் புகுந்துவிடும். வேண்டாம்.

மெக்கானிக் பையன், "அக்கா, ஜெல்லுக்கு இவ்வளவா?" என்றான்.

ஆமாம். இவ்வளவுதான்.

ஜூன் 6, வெள்ளி

அப்பாவுக்குச் சொட்டு மருந்து நாலு வேளை. இரண்டு சொட்டுக்கும் நடுவே ஐந்து நிமிஷம் விட வேண்டும், இல்லையென்றால் முதல் சொட்டை இரண்டாவது கழுவிவிடும்.

ஜூன் 8, ஞாயிறு

முதல் ஆட்டம். வியர்வை. கண்ணாடி பத்தே நிமிஷத்தில் பனி மூடிவிட்டது. பெரியம்மா மகன் தோப்பு நடுவில் நின்று கண்ணாடியைத் தூக்கித் துடைத்தான். நான் போட்ட சத்தத்தில் சித்தப்பா மோட்டார் கொட்டகையிலிருந்து ஓடிவந்தார்.

கண்ணாடி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பனி படிந்தால் கை தானாக மேலே போகிறது. ஆபத்து அங்கேதான். நம் ஊர் புழுக்கத்துக்கு ஒற்றைக் கண்ணாடி சரிவராது. நடுவே காற்று அடைபட்ட இரட்டைக் கண்ணாடி வேண்டும். அதுவரை பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தில் ஒரு துளியை உள்பக்கம் தடவி மெல்லத் துடைத்துவிட்டால் கொஞ்ச நேரம் தாங்குகிறது.

புது விதி. யாருக்குப் பனி படிந்தாலும் விசில். எல்லோரும் விரலை விசையிலிருந்து எடுத்து முனையைத் தரைக்குத் திருப்ப வேண்டும். அவர் எல்லைக்கயிற்றுக்கு வெளியே போய்த்தான் கழற்றலாம். மறுபடி ஒரு விசில் வந்தால்தான் ஆட்டம். யாரும் மறுத்துப் பேசவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

உருண்டைகளை இரவே ஊறப்போட்டுப் பார்த்தேன். ஒரே பாக்கெட், மூன்று சட்டி. எங்கள் போர்வெல் தண்ணீரில் ஊறியது சிறுத்து நிற்கிறது, குழலில் லொடலொடவென்று ஆடுகிறது. ஆற்றோர அடிபம்பில் பிடித்த தண்ணீரில் அளவாக வந்தது. பெரிய கோயில் பக்கம் வாங்கின கேன் தண்ணீரில் அளவு மீறிப் பருத்து, சுட்டால் குழலுக்குள்ளேயே உடைகிறது. தண்ணீரில் உப்பு ஏற ஏற ஜெல் குறைவாகத்தான் உறிஞ்சும். வேதாரண்யம் பக்கம் ஆடுகிறவர்கள் என்ன செய்வார்களோ. வெயிலில் வைத்தால் மறுபடி சுருங்குகிறது. மூடி போட்ட டப்பா, நிழல், மூன்று நாலு மணி நேர ஊறல். இப்போதைக்கு அடிபம்புதான்.

காய்ந்த மணிகளை அலமாரி உச்சியில் வைத்துவிட்டேன். அக்கா குழந்தையோடு வரப்போகிறாள். குழந்தை விழுங்கினால் அது வயிற்றுக்குள் போய்ப் பருக்கும், குடலை அடைக்கும். மாட்டுக்கும் ஆகாது. ஆட்டம் முடிந்ததும் கீழே கிடப்பதைப் பொறுக்காமல் யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது.

ஜூன் 12, வியாழன்

மேட்டூர் திறந்தாச்சு. அப்பா தலையணைக்குள் முகத்தை வைத்துக்கொண்டே, "குறுவைக்குச் சரியான நாள்ல விட்டுட்டாங்க" என்றார். குரலில் நோய் இல்லை.

ஜூன் 13, வெள்ளி

போலீஸ் ஸ்டேஷனுக்குச் சித்தப்பாவோடு போய்ச் சொல்லிவிட்டு வந்தோம். எந்தத் தோப்பு, எந்த நேரம், யார் யார் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். ஜெல் துப்பாக்கி ஒன்றையும் காட்டினோம். அங்கிருந்த போலீஸ்காரர் தண்ணீர் உருண்டையை நசுக்கிப் பார்த்துச் சிரித்தார். "ரோட்டுல கையில வச்சுக்கிட்டு திரியாதீங்க" என்றார். திரியவே மாட்டோம். பைக்குள் போட்டு, பேட்டரி கழற்றி, தோப்புக்குள் போய்த்தான் திறப்போம். அக்கம்பக்கத்து வயல்காரர்களுக்கும் அம்மா சொல்லிவிட்டாள்.

பேட்டரி என்றதும் ஒன்று. இந்த லித்தியம் பாலிமர் பேட்டரியை ராத்திரி முழுக்கச் சார்ஜில் விடக் கூடாது. ஒரு செல் 4.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது, 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவும் கூடாது. சும்மா வைக்கும்போது 3.8-ல் வைக்க வேண்டும். ஊதியிருந்தால் தூக்கிப்போட வேண்டியதுதான். மண்சட்டிக்குள் வைத்துத் திண்ணையில், ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் சார்ஜ்.

ஜூன் 15, ஞாயிறு

இன்று கல்லணை திறப்பு. எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வர இன்னும் சில நாள் ஆகும்.

இன்றைக்கு ஆட்டம் ஆட்டமாக இருந்தது. தென்னைக்குத் தென்னை இருபத்தைந்து அடி. ஜெல் நம்பகமாகப் போவது இரண்டு மரத் தூரம். ஏர்சாஃப்ட் என்றால் ஐந்தாறு மரம் போகும் என்றார் அத்தான். அதில் குழல் தொடங்கும் இடத்தில் ஒரு ரப்பர் மேடு உண்டு, ஹாப்-அப். குண்டின் தலையைத் தட்டிப் பின்சுழல் கொடுக்கும், அந்தச் சுழல் குண்டைக் காற்றில் தாங்கிப்பிடிக்கும். ஜப்பானில் ஆற்றல் 0.98 ஜூலைத் தாண்டக் கூடாது. களத்துக்குள் விடுமுன் கருவி வைத்து அளப்பார்கள். 0.20 கிராம் குண்டு வினாடிக்கு 100 மீட்டர் போனால் சரியாக ஒரு ஜூல், ஆகவே அதற்குக் கொஞ்சம் கீழே. அதே ஆற்றலில் 0.25 கிராம் குண்டு மெதுவாகப் புறப்படும், ஆனால் காற்றுக்கு அவ்வளவு வளையாது. இங்கே அடிக்கிற மேல்காற்றுக்கு அதுதான் சரி. நமக்கு ஹாப்-அப்பும் இல்லை, கனமும் இல்லை. இரண்டு மரத் தூரம் கிட்டே போயே ஆக வேண்டும். அதனால்தான் ஜோடி.

ஒருவர் சுட்டுக்கொண்டே இருக்கும்போது மற்றவர் ஓட வேண்டும். மூன்று எண்ணுவதற்குள் அடுத்த மரம். அதற்கு மேல் ஓடினால் எதிரி குறிபார்த்துவிடுவான். ஓடுகிறவர் "போறேன்" என்று கத்த வேண்டும், சுடுகிறவர் "போ" என்ற பிறகுதான் கால் எடுக்க வேண்டும். ஓடுகிறவர் தன் ஜோடியின் குறிக்குக் குறுக்கே வரவே கூடாது. தம்பிக்கு அதுதான் வரவில்லை. நேர்கோட்டில் ஓடி ஓடி என் கையைக் கட்டிப்போட்டான்.

தென்னை ஒரு ஆளை மறைக்காது. பக்கவாட்டில் நிற்க வேண்டும், மரத்தோடு ஒட்டாமல் ஒரு கை தள்ளி. ஒட்டி நின்றால் எட்டிப்பார்க்க உடம்பு பாதி வெளியே வரும், தள்ளி நின்றால் ஒரு கண்ணும் முனையும் போதும். மூங்கில் குத்து ஆளை ஒளிக்கும், தடுக்காது. காய்ந்த மட்டையை மிதித்தால் தோப்பு முழுக்கக் கேட்கும். வரப்பு மேல் ஏறினால் வானத்துக்கு எதிரே ஆள் பளிச்சென்று தெரியும். காய்ந்த வாய்க்கால்தான் ராஜபாட்டை. இடுப்பாழம், வளைவு வளைவாக எதிரியின் விலா வரைக்கும் போகிறது. ஒருவர் எதிரே நின்று சுட்டு அவர்களை அங்கேயே கட்டிவைக்க, ஒரு ஜோடி வாய்க்காலில் குனிந்தே போய்ப் பக்கத்திலிருந்து எழ வேண்டும். எழுந்தோம்.

வலது இடது என்று கத்துவதில் பயனில்லை, ஆளுக்கு ஆள் மாறுகிறது. இடத்துக்குப் பெயர் வைத்துவிட்டோம்: கொட்டகை, மொட்டைத் தென்னை, ஐயனார் பக்கம், மதகு. "மதகுல ரெண்டு பேர்" என்றால் யாருக்கும் சந்தேகமில்லை.

ஜூன் 16, திங்கள்

தூக்கம் வரவில்லை. கோபம்.

பட்டால் கையைத் தூக்கி "பட்டுச்சு" என்று சொல்லிவிட்டு வெளியேற வேண்டும். ஏர்சாஃப்ட்டில் குண்டு கறை வைக்காது. பட்டது பட்டவருக்கு மட்டும்தான் தெரியும். நடுவர் நின்றாலும் அத்தனையும் பார்க்க முடியாது. ஜெல் ஈரம் வைக்கும், ஆனால் வியர்த்த பனியனில் எது ஈரம்? நேற்று வாய்க்காலிலிருந்து எழுந்து நான் சுட்டது அவன் தோளில் உடைந்ததைப் பார்த்தேன். அவன் ஓடினான். பெயர் எழுதப் போவதில்லை.

அத்தான் சொல்கிறார், களத்தில் கத்தாதே, சந்தேகமானால் இன்னொன்று சுடு, அதற்கும் சொல்லவில்லையென்றால் ஆட்டம் முடிந்து தனியாகப் பேசு. ஜப்பானிலும் இப்படி ஆட்கள் உண்டாம். தொடர்ந்து செய்தால் மெல்ல மெல்ல யாரும் அவர்களைக் கூப்பிடமாட்டார்களாம். அது எனக்குப் போதாது. முகத்துக்கு நேரே கேட்க வேண்டும். ஒரு ஆட்டத்தில் இதைச் சொல்லாதவன் வேறு எதைத்தான் சொல்வான்?

அப்பா குப்புறப் படுத்தபடி ஒரு தடவைகூட ஏமாற்றவில்லை. ராத்திரி மூன்று மணிக்கும் போய்ப் பார்த்தேன். முகம் கீழேதான். யார் பார்க்கப்போகிறார்கள் அந்த நேரத்தில்.

ஜூன் 17, செவ்வாய்

பேசினேன். தலையைக் குனிந்துகொண்டு "தெரியலக்கா" என்றான். பிறகு "தெரிஞ்சுது" என்றான். போதும்.

ஜூன் 18, புதன்

அப்பா இனி நிமிரலாமாம். மல்லாக்கப் படுக்க மட்டும் கூடாது. கண்ணுக்குள் வாயு கரைகிற வரை விமானம் கூடாது, மலை கூடாது, வாயு விரிந்து கண்ணில் அழுத்தம் ஏறிவிடும். அத்தை கொடைக்கானல் போகலாம் என்று ஆரம்பித்தாள். அம்மா வாயை அடைத்துவிட்டாள்.

ஜூன் 20, வெள்ளி

வாய்க்காலில் தண்ணீர். நுரையும் சருகுமாக முன்னால் வந்தது. அம்மா மஞ்சள் போட்டுக் கும்பிட்டாள்.

எங்கள் ராஜபாட்டை போச்சு.

ஜூன் 22, ஞாயிறு

தோப்பே வேறு தோப்பு. வாய்க்கால் மறைவாக இருந்தது, இப்போது குறுக்குச் சுவர். கடக்க மதகுப் பாலம் ஒன்றுதான். அங்கே ஒருவர் உட்கார்ந்தால் பாதித் தோப்பு அவருடையது. அதனால் முதல் இரண்டு நிமிஷத்தில் மதகை யார் பிடிக்கிறார் என்பதே ஆட்டம். கொட்டகைப் பக்கம் நாங்கள் சத்தம் போட்டுச் சுட்டு அவர்களை இழுத்தோம், தம்பி தனியாக மதகுக்கு ஓடினான். குறுக்கே வராமல் ஓடினான்! வளைந்து, ஐயனார் பக்கமாக.

தண்ணீரோரம் சுடுவதை நிறுத்த வேண்டும். உருண்டை வாய்க்காலில் விழுந்தால் பொறுக்க முடியாது, வயலுக்குத்தான் போகும். கரையிலிருந்து ஒரு மரம் உள்ளே தள்ளி எல்லைக்கயிறு கட்டியாச்சு. அப்படிக் கட்டினதில் மதகும் வெளியே போய்விட்டது. பரவாயில்லை, வேறு வழி யோசிப்போம்.

தோளில் பட்டதைச் சொல்லாதவன் இன்று, படாததற்கும் சொன்னான்.

ஜூன் 24, செவ்வாய்

அப்பா தானாகச் சொன்னார்: "கண்ணுக்குள்ள ஒரு கோடு ஆடுது. மதகுல தண்ணி மட்டம் மாதிரி. கோட்டுக்கு மேல உன் முகம் தெரியுது, கீழ எல்லாம் கலங்கல்." வாயு கண்ணுக்குள் மேலே மிதந்தாலும் பார்க்கிறவருக்குக் கீழே தெரியும், நாளுக்கு நாள் கோடு இறங்கும் என்று டாக்டர் முன்பே படம் போட்டுக் காட்டியிருந்தார். இறங்குகிறது.

ஜூன் 27, வெள்ளி

இரட்டைக் கண்ணாடி வந்தது. விற்றவர் படத்தில் இசட்87 பிளஸ் இருந்தது, வந்த சட்டத்தில் எந்தப் பொறிப்பும் இல்லை. திருப்பி அனுப்பிவிட்டேன். பையன்கள் முகம் வாடிவிட்டது. வாடட்டும். ஞாயிறு ஆட்டம் இல்லை.

ஜூன் 30, திங்கள்

மேட்டூர் 120 அடி நிரம்பிவிட்டதாம், நேற்று. கொள்ளிடத்தில் விடுவார்கள். அப்பா ஒரு கண்ணை மூடிக்கொண்டு தலைப்பை அவரே படித்தார். பெரிய எழுத்துதான். ஆனாலும் அவரே.

ஜூலை 2, புதன்

சரியான கண்ணாடி, பொறிப்போடு, ஐந்து. சுவரோரம் வைத்துப் பத்தடியிலிருந்து ஜெல் அடித்துப் பார்த்தேன், கீறல்கூட இல்லை. அத்தானுக்கு ஞாயிறு கடைசி ஆட்டம், அப்புறம் விமானம். நாங்கள் மூன்று பேர் ஒரு பக்கம், அத்தானும் மெக்கானிக் பையனும் எதிரே. மொட்டைத் தென்னையிலிருந்து தொடங்கி ஐயனார் பக்கம் வளைக்கலாம் என்று நினைக்கிறேன், தம்பி கொட்டகை என்கிறான். அப்பா தோப்புக்கு வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டுமாம். கயிற்றுக்கு எவ்வளவு வெளியே உட்காரவைப்பது? நாலு மரம். கண்ணாடி ஆறாவது ஒன்று வாங்க வேண்டும். அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேல் போடுகிற மாதிரி, அகலமாக.