தீர்மானம் வந்துவிட்டது, பணம்?

பல்கலைக்கழக ஆட்சிக்குழு கூட்டம் முடிந்தாலே புதுப் பாடப்பிரிவு வந்ததா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். கல்விக்குழு பாடத்திட்டத்தைப் பார்த்து அனுப்பிவிட்டால் பெரும்பாலும் அது மளமளவென்று நிறைவேறிவிடும், சரி, ஆனால் அதை நடத்த ஆசிரியர் பணியிடமும் ஆய்வகமும் கேட்டால் நிதிக்குழு பக்கம் கையைக் காட்டி, இருப்பவர்களை வைத்தே ஓட்டுங்கள் என்பார்கள்.

ஊழியர் மருத்துவக் காப்பீடு, பணிக்கொடை, ஓய்வூதியம் எல்லாம் நிகழ்ச்சி நிரலின் கடைசியில். அதற்குள் பாதிப் பேர் கிளம்பியிருப்பார்கள்! அப்புறம் "கொள்கையளவில் ஒப்புதல்" என்று ஒரு வரி. அதைப் பார்த்து இனிப்பு கொடுக்காதீர்கள். எந்தக் கணக்குத் தலைப்பில் செலவு, எந்தத் தேதியிலிருந்து அமல், மாதம் ஒரே மொத்தத் தொகையாகச் சம்பளம் வாங்கும் தொகுப்பூதியக்காரர்களுக்கும் உண்டா, இந்த மூன்றையும் கூட்டக் குறிப்பில் தேடுங்கள். இல்லையென்றால் அடுத்த கூட்டத்துக்கு முன்பே ஊழியர் சங்கத்தின் மூலம் எழுத்தில் கேளுங்கள்.